டிராக்கன்ஸ்பர்க் மலையில் ஆறு பேருடன் திருமணம்: எப்படித் திட்டமிடுவது?

குறிஞ்சிப்பூ (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) கேட்டது:

இங்குள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நானும் நான் மணக்கவிருப்பவரும் அடுத்த ஆண்டு எங்கள் திருமணத்தை மண்டபத்தில் வைக்காமல், இங்கே தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலையில், ராயல் நேட்டால் பூங்காவின் அந்தப் பெரிய பாறைச் சுவரை எதிரே பார்த்தபடி வைத்துக்கொள்ள விரும்புகிறோம். எங்கள் இருவரோடு இரு பக்கத்துப் பெற்றோரையும் சேர்த்து ஆறே பேர்தான் இருப்போம். ஆங்கிலத்தில் இதை எலோப்மென்ட் என்று சொல்கிறார்கள். நான் அதை ‘ஓடிப்போவது’ என்று தமிழில் சொன்னவுடன் அம்மாவின் முகம் வாடிவிட்டது. “ஊருக்குத் தெரியாமல் கட்டிக்கொள்ள உனக்கு என்ன குறை வந்தது?” என்று கேட்டார். நாங்கள் எதையும் மறைக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நிச்சயமான உறவுதான் இது.

இந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் என் அக்காவின் திருமணம். அதற்கு ஏறத்தாழ எழுநூறு பேர் வந்தார்கள். அப்பா அதற்காக வாங்கிய கடனை நான்கு ஆண்டுகள் அடைத்தார். அக்காவோ அன்று முழுவதும் மேடையில் நின்று படமெடுத்துக்கொண்டே இருந்தாள். இரவு பதினொரு மணிக்குத்தான் ஒரு பிடி பிரியாணி சாப்பிட்டாள். எனக்கு அந்த நாள் அப்படிப் போக வேண்டாம்.

எனக்குத் தெரிய வேண்டியவை சில உண்டு. திறந்த வெளியில் செய்யும் திருமணம் சட்டப்படி செல்லாது என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார், அது உண்மையா? எந்த மாதத்தில், எந்த நேரத்தில் அங்கே போவது நல்லது? மலையில் ஓமம் வளர்க்கலாமா? இவற்றை எல்லாம் விட என்னை உறுத்துவது ஒன்று. என் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, எண்பத்திரண்டு வயது. நெடுநேரம் காரில் உட்கார்ந்து வர அவரால் இயலாது. அவர் இல்லாமல் தாலி கட்டிக்கொள்வதை நினைத்தால் மனம் கேட்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய பதிவேடு (டர்பன்) எழுதியது:

மகளே, வாழ்த்துகள். நான் இருபத்திரண்டு ஆண்டுகள் திருமண அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். கோயிலில் சடங்கும் நடத்தி வைத்திருக்கிறேன், பதிவேட்டில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். ஆகவே சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாத் திட்டமும் அதன் மேல்தான் நிற்க வேண்டும்.

உங்கள் வேலையிடத்து நண்பர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. நம் நாட்டுத் திருமணச் சட்டம், அதாவது 1961-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் சட்டம், தன் 29-ஆம் பிரிவில், திருமணத்தை வழிபாட்டுக்குரிய கட்டடத்திலோ, அரசு அலுவலகத்திலோ, ஒருவர் குடியிருக்கும் வீட்டிலோ, கதவுகள் திறந்திருக்க, மணமக்கள் இருவரும் நேரில் இருக்க, தகுதியுள்ள சாட்சிகள் குறைந்தது இருவர் முன்னிலையில் நடத்தி வைக்க வேண்டும் என்கிறது. மணமக்களில் ஒருவர் கடுமையான நோயிலோ காயத்திலோ கிடந்தால் மட்டும் இடத்தைப் பற்றிய விதிக்கு விலக்கு உண்டு. வீட்டின் உள்ளே நடக்காமல் தோட்டத்தில் நடந்த ஒரு திருமணம் செல்லும் என்று டர்பன் நீதிமன்றம் தீர்ப்புக் கூறியதும் உண்டு. அந்தத் தீர்ப்பு 1987-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது. ஆனால் வழக்காடி நிலைநாட்ட வேண்டிய திருமணத்தை ஒருவர் ஏன் திட்டமிட்டுச் செய்ய வேண்டும்? விதி தெரிந்த எந்த அலுவலரும் மலைச்சரிவில் பதிவேட்டை விரிக்க மாட்டார். கூரையின் கீழ் சட்டத்துக்குரியதைச் செய்துவிட்டு, வானத்தின் கீழ் மனத்துக்குரியதைச் செய்யுங்கள். கடற்கரையிலும் திராட்சைத் தோட்டத்திலும் திருமணம் செய்வதாக நாம் படங்களில் பார்க்கும் பலரும் இந்த நாட்டில் அப்படித்தான் செய்கிறார்கள்.

கதவுகள் திறந்திருக்க வேண்டும் என்ற அந்தச் சொற்களை நான் எப்போதும் மணமக்களுக்குப் படித்துக் காட்டுவேன். திருமணம் ஒளிவுமறைவாக நடக்கக் கூடாது, ஆட்சேபம் உள்ளவர் எவரும் உள்ளே வர வழி இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. உங்கள் அம்மாவின் கேள்விக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. ஆறு பேரோடு நடப்பது சிறிய திருமணம். அது மறைவான திருமணம் ஆகாது.

அடுத்ததாக, உங்கள் குருக்கள் உள்துறை அமைச்சால் நியமிக்கப்பட்ட திருமண அலுவலரா என்று இன்றே கேளுங்கள். இந்திய சமயங்களின் முறைப்படி மணம் நடத்துவோரை நியமிக்க அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் பூணூலும் மந்திரமும் உள்ள எல்லாரும் அந்த நியமனம் பெற்றவர்கள் அல்லர். நியமனம் இல்லாதவர் கட்டிவைத்த தாலி சமயத்துக்குத் திருமணம். அரசின் பதிவில் நீங்கள் இருவரும் மணமாகாதவர்களாகவே இருப்பீர்கள். அப்படிப் பதியாத இந்து மணத்தில் வாழ்ந்த ஒரு பெண், கணவர் உயில் எழுதாமல் இறந்தபின், தான் அவருடைய மனைவிதான் என்று ஏற்கச் செய்ய டர்பன் உயர் நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் துக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த அலைச்சல் எவ்வளவு பெரிது என்று எண்ணிப் பாருங்கள்.

திருமண அலுவலர் காலை எட்டு மணிக்கு முன்போ மாலை நான்கு மணிக்குப் பின்போ வரக் கட்டுப்பட்டவர் அல்லர். அவர் விரும்பினால் எந்த நாளிலும் எந்த நேரத்திலும் நடத்தலாம். விடியற்கால முகூர்த்தம் என்றால் முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள். சொத்துகளைத் தனித்தனியே வைத்துக்கொள்ள விரும்பினால், திருமணத்துக்கு முன்பே நோட்டரி முன்னிலையில் முன்மண ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, மூன்று மாதங்களுக்குள் பத்திரப் பதிவகத்தில் பதிவு செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் சொத்தும் கடனும் இருவருக்கும் பொதுவாகிவிடும்; பிறகு மாற்றுவதற்கு உயர் நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். மலையையும் மாலையையும் நினைத்துக்கொண்டிருக்கும் இளையவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மலைநடை (லேடிஸ்மித்) எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் அந்த மலையில் முப்பது ஆண்டுகளாக நடப்பவன். ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் வானத்தையும் புல்லையும் பற்றிச் சொல்கிறேன்.

அக்டோபர் முதல் மார்ச் வரை மழைக்காலம். அந்த மாதங்களில் மலை பச்சையாகவும், துகேலா அருவி நீர் நிறைந்தும் இருக்கும். ஆனால் காலையில் துளி மேகம் இல்லாமல் இருந்த வானம் பிற்பகலில் கறுத்து, மின்னலும் ஆலங்கட்டியுமாகக் கொட்டும். திறந்த புல்வெளியில் ஆறு பேர், அதுவும் வயதானவர்கள், இடிமழையில் மாட்டிக்கொள்வது விளையாட்டு அன்று. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் புல் காய்ந்து, மலையிலிருந்து சூடான காற்று இறங்கும். காட்டுத்தீக்குரிய காலம் அது. ஜூனிலும் ஜூலையிலும் உச்சியில் பனி விழக்கூடும், இரவுக் குளிர் எலும்பைத் தொடும்.

நான் சொல்வது மே மாதத்தின் முதல் பாதி. மழை நின்றிருக்கும், புல் பொன்னிறமாகத் திரும்பியிருக்கும், காற்று தெளிந்திருக்கும். தமிழ்நாட்டில் கத்திரி வெயில் கொளுத்தும் அதே நாட்களில் நமக்கு இங்கே இலையுதிர் காலம். நம் பஞ்சாங்கப்படியும் அது சித்திரை. தை விட்டால் வீட்டார் விரும்பும் மாதங்களில் அதுவும் ஒன்று. ஆடியும் புரட்டாசியும் மார்கழியும் உங்கள் வீட்டில் ஆகாது என்பார்கள், ஆகவே அந்த விவாதமும் எழாது. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: மே மாதத்தில் அருவி மெலிந்து ஒரு வெள்ளை நூல் போலத்தான் தெரியும். 948 மீட்டர் உயரத்திலிருந்து படிப்படியாக இறங்கும் அருவி, உலகின் மிக உயரமானவற்றுள் ஒன்று. அது பெருகி விழுவதைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் மழைக்காலத்து இடியையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

நேரம் காலைதான், அதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள அந்த அரைவட்டப் பாறைச் சுவர் பூங்காவுக்கு மேற்கும் தென்மேற்குமாக நிற்கிறது. ஆகவே எழும் சூரியன் நேராக அதன் முகத்தில் விழும். மே மாதத்தில் காலை ஆறரைக்குப் பிறகுதான் பொழுது விடியும். முதல் அரை மணியில் பாறை செம்மஞ்சளாக மாறுவதை நீங்கள் பார்க்க வேண்டும், எந்த மண்டப அலங்காரமும் அதற்கு ஈடாகாது. மாலையில் சூரியன் அதே சுவருக்குப் பின்னால் போய்விடுவதால் வழக்கமான அந்திக்கு வெகு முன்பே நிழல் விழுந்து, உங்கள் படங்களில் மலை ஒரு கரிய பட்டையாக மட்டும் வரும். படமெடுப்பவர் மாலைப் பொன்னொளி என்று சொன்னால், அவர் அந்த இடத்தை நேரில் பார்த்தவரா என்று கேளுங்கள்.

விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி இருக்கும். பட்டுப்புடவைக்கு அடியில் கம்பளி உள்ளாடை, மிஞ்சி போடும் நேரம் வரை கால்களுக்குத் தடித்த காலுறை, பெற்றோர் நிற்க ஒரு கனமான விரிப்பு, சூடான இஞ்சித் தேநீர் ஒரு குடுவை: இவற்றை மறக்காதீர்கள். முதல் நாளே பூங்காவின் தெண்டெலே முகாமில் தங்கிவிட்டால் இருட்டில் கார் ஓட்ட வேண்டியதில்லை. துகேலா பள்ளத்தாக்கு நடை போக வர 14 கிலோமீட்டர். சங்கிலி ஏணி வழியாக உச்சிக்கு ஏறுவது தனிக் கதை. இரண்டும் புடவைக்கும் பெற்றோருக்கும் உரியவை அல்ல. முகாமிலிருந்து சில நிமிடம் நடந்தாலே சுவர் முழுதாகத் தெரியும் மேடுகள் இருக்கின்றன.

இனி ஓமத்தைப் பற்றி. தயவுசெய்து வேண்டாம். அது காய்ந்த புல்வெளி. ஒரு பொறி போதும். 1998-ஆம் ஆண்டின் புல்வெளி, காட்டுத்தீச் சட்டம் தீயைப் பற்ற வைத்தவரையே பொறுப்பாளி ஆக்குகிறது. பூங்காவுக்குள் குறித்த அடுப்புகளைத் தவிர வேறெங்கும் தீ மூட்டவும் கூடாது. கற்பூரத்துக்கும் இதே விதிதான். அட்சதைக்கு அரிசியும், மாலைக்குச் சாமந்தியும் கொண்டுபோனால், ஒரு துணியை விரித்து அதன் மேல் நின்று, ஒரு மணியும் ஓர் இதழும் விடாமல் திரும்ப எடுத்து வாருங்கள். நம் பூக்களின் விதை அங்கே முளைத்தால் அது களைதான். உணவுப் பைகளைக் காருக்குள் பூட்டுங்கள், பபூன் குரங்குகள் தாம்பூலத் தட்டையும் விடமாட்டா.

பூங்காவை நிருவகிக்கும் எஸெம்வெலோவுக்கு முன்கூட்டியே எழுதி, எத்தனை பேர், எந்த இடம், நாற்காலி உண்டா, படமெடுப்பவர் உண்டா என்று தெரிவித்து அனுமதியை எழுத்தில் பெறுங்கள். அந்த மலை 2000-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, இயற்கைக்காக மட்டும் அன்று, இந்த மண்ணின் தொல்குடிகளான சான் மக்களின் பாறை ஓவியங்களுக்காகவும். சிலர் குகையில் நின்று மாலை மாற்ற ஆசைப்படுகிறார்கள். விளக்குப் புகையும் கையின் எண்ணெயும் அந்த ஓவியங்களை அழித்துவிடும். அந்த எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

குறிஞ்சிப்பூ எழுதியது:

ஐயா, அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. என் குருக்களைக் கேட்டேன். அவர் நியமனம் பெற்றவர்தான். ஆனால் இப்போது வேறொரு குழப்பம் வந்துவிட்டது. அக்கினி வீட்டில், பதிவேடு வீட்டில் என்றால், மலையில் என்ன மிஞ்சுகிறது? தாலியை எங்கே கட்டுவது?

ஐந்து பெண்களின் தாய் (சாட்ஸ்வர்த்) எழுதியது:

அம்மா, என் மூன்றாவது மகளும் இப்படித்தான் செய்தாள், வேறொரு மலையில். நாங்கள் நால்வர் மட்டும் போனோம். அவளுக்கு அது மிக நல்ல நாள். எனக்கும் அன்று குறையாகத் தெரியவில்லை. குறை மறுநாள் தொடங்கியது. உறவினருக்கு நாங்கள் படத்தைக் கைபேசியில் அனுப்பித்தான் செய்தி சொன்னோம். என் கணவரின் தமக்கை, என் மகளைக் குழந்தையிலிருந்து குளிப்பாட்டி வளர்த்தவர், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு சொல்லும் பேசவில்லை. இரண்டு தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அவருக்கு விருந்து வேண்டியிருக்கவில்லை. தன் கையால் அவளுக்கு மஞ்சள் பூச வேண்டும் என்று இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தார். அதை நாங்கள் பறித்துவிட்டோம். இன்று வரை எனக்கு அது ஆறவில்லை.

ஆகவே நான் சொல்வது நலங்கு. மலைக்குப் போவதற்கு முந்தைய வாரம் வீட்டில் நலங்கு வையுங்கள். ஆயாவே முதல் மஞ்சளை வைக்கட்டும். அத்தை, பெரியம்மா, தெருவில் உள்ளவர்கள், கோயிலில் உங்களோடு பாடுபவர்கள் எல்லாரும் வரட்டும். இட்லியும் வடையும் பாயசமும் போதும், மண்டபம் வேண்டாம், கடன் வேண்டாம். திருமணத்துக்கு அழைக்கவில்லையே என்ற மனத்தாங்கலை விட, தொட்டு வாழ்த்த விடவில்லையே என்ற மனத்தாங்கல்தான் ஆழமானது. வருகிறவர்களிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்: அடுத்த வாரம் மலைக்குப் போகிறோம், எங்கள் பெற்றோர் மட்டும் வருகிறார்கள் என்று. நேரில் கேட்டவர் எவரும் பிறகு படத்தைப் பார்த்து அதிர மாட்டார்.

தாலியை வீட்டில்தான் கட்ட வேண்டும் என்பது என் எண்ணம். ஆயா இருக்கும் இடத்தில், அக்கினி இருக்கும் இடத்தில். மலையில் மாலை மாற்றிக்கொள்ளலாமே.

உங்கள் அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். நம் பழைய அகப்பாட்டில் காதலனோடு சென்றவளின் வழியை ‘உடன்போக்கு’ என்றார்கள், ‘ஓடிப்போவது’ என்று இழிக்கவில்லை. அதிலும் தாய் அறியாமல்தான் மகள் போகிறாள், தாய் வழியைப் பார்த்து அழுகிறாள். உங்கள் மகளோ உங்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள் என்று சொல்லுங்கள்.

பழைய பதிவேடு எழுதியது:

சாட்ஸ்வர்த் அம்மையார் சொன்ன நலங்கை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் தாலியைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. திருமாங்கல்யத்தைப் பூட்டும் கணம்தான் நம் பெண்ணுக்குத் திருமணக் கணம். அதை வீட்டில் முடித்துவிட்டு மலையில் மாலை மட்டும் மாற்றினால், மலைப்பயணம் படமெடுக்கப் போனதாகத்தான் முடியும். சட்டம் தாலியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அது கேட்பது அலுவலர் முன் இருவரும் தரும் இசைவும், சாட்சிகளும், பதிவேட்டில் கையெழுத்தும். ஆகவே வீட்டில் ஆயாவின் முன் குருக்கள் அக்கினி வளர்த்து, சங்கல்பம் செய்து, சட்டப்படியான இசைவையும் கையெழுத்தையும் முடித்து, தாலியைத் தட்டில் வைத்து ஆயாவின் கையில் கொடுக்கட்டும்; அவர் அதைத் தொட்டு வாழ்த்தி, தம் கையால் உங்கள் அம்மாவிடம் ஒப்படைக்கட்டும். எத்தனை பேர் கலந்துகொண்டாலும் தாலி எல்லார் கையிலும் தொட்டு வாழ்த்தப் பெற்ற பிறகே கட்டப்படுகிறது அல்லவா? அந்தச் சுற்று வீட்டில் தொடங்கி மலையில் முடியும், அவ்வளவுதான். மலையில் கண்ணாடி மூடியுள்ள ஒரு சிறு விளக்கைக் கூடப் பூங்காவின் அனுமதியோடுதான் ஏற்ற வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் எழுகின்ற சூரியனே சாட்சியாகப் போதும்.

இதோடு ஒரு செய்தி, உங்கள் குருக்கள் அருந்ததி காட்டச் சொல்வாராகையால். நம் முன்னோர் கொண்டுவந்த சடங்குகளில் இந்தத் தெற்கு மண்ணுக்குப் பொருந்தாமல் தவிப்பது இது ஒன்று. துருவ நட்சத்திரம் இங்கிருந்து ஒருநாளும் தெரியாது. அருந்ததி தெரியும், ஆனால் ராயல் நேட்டாலிலிருந்து பார்த்தால் அது வடக்கு அடிவானத்துக்கு மேல் ஆறு பாகை அளவுதான் எழும். மே மாத நடுவில் இரவு ஒன்பதே முக்கால் அளவில் அது தன் உச்சியில் இருக்கும். அப்போதும் வடக்கே ஒரு குன்றோ மரமோ நின்றால் மறைந்துவிடும். மண்டபங்களில் பகலில் கூரையைக் காட்டி முடித்துவிடுகிறோம். நீங்கள் முந்தின இரவு முகாமில் தங்குவதால், வடக்கே திறந்த ஒரு மேட்டை மலைநடை அவர்களிடம் கேட்டறிந்து, வசிட்டன் என்ற விண்மீனையும் அவனோடு ஒட்டி நிற்கும் அருந்ததியையும் உண்மையிலேயே பார்க்கலாம். இந்த நாட்டில் திருமணத்தை ஒட்டி அதைக் கண்ணால் பார்த்த மணமக்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

மலைநடை எழுதியது:

வடக்கே திறந்த மேடு பூங்கா வாயிலை நோக்கி வரும் சாலையோரத்தில் இருக்கிறது. நிலவில்லாத இரவாகத் தேர்ந்தெடுங்கள், இரட்டைக்குழல் நோக்கி ஒன்று கொண்டுபோங்கள். பள்ளத்தாக்குக்குள் கைபேசித் தொடர்பை நம்ப வேண்டாம். எந்த வழியில் நடக்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று முகாம் அலுவலகத்தில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

குறிஞ்சிப்பூ எழுதியது:

நேற்று இரவு இந்த மறுமொழிகளை எல்லாம் அம்மாவுக்கும் ஆயாவுக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். வீட்டில் வெள்ளிக்கிழமை நலங்கு, சனிக்கிழமை காலை கதவைத் திறந்து வைத்துப் பதிவேடும் அக்கினியும், அன்று பிற்பகலே மலைக்குப் பயணம், இரவு அருந்ததி, ஞாயிறு விடியலில் தாலி என்று ஒருவாறு முடிவு செய்திருக்கிறோம். முன்மண ஒப்பந்தத்துக்காக நோட்டரியிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறோம். சாட்சிகளாக அக்காவும் மாமாவும் கையெழுத்திடுவார்கள். அவர்களும் இப்போது மலைக்கு வருகிறார்கள், ஆகவே நாங்கள் எட்டுப் பேர்.

ஆயா கேட்டது ஒன்றே ஒன்றுதான். தாலியை அம்மாவின் கையில் கொடுக்கும்போது அதைத் தன் திருமணப் புடவையின் முந்தானைத் துண்டில் முடிந்து கொடுக்கலாமா என்று கேட்டார். அந்தப் புடவை 1962-இல் வாங்கியது. அம்மா எழுந்து போய் அலமாரியைத் திறந்தார்.